எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தின் பணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம் எங்களுடையது. மன்றத்தில் இப்போது நாற்பது பேர்வரை இருக்கிறோம். டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் எங்களை நிறுத்திக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. வெளியூரிலிருந்து விசாரிப்பவர்களுக்கும் இது உதவும்.

மன்றம் எதற்காக ஆரம்பித்தது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால், ஊரில் நிற்கிற தென்னையைவிட விழுந்து கிடக்கிற தென்னைதான் அதிகம். தெருவில் இறங்க வழியில்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கையில் கிடைத்த அரிவாள், கோடாலியோடு வந்து மெயின் ரோடு வரை மரங்களை வெட்டி ஒதுக்கினோம். அன்றைய பொழுது அதற்கே சரியாக இருந்தது.

அடுத்த கவலை தண்ணீர். கரண்ட் இல்லை, மேல்நிலைத் தொட்டி காலி. ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, டிராக்டரில் ஏற்றிவந்து மோட்டாரை ஓட்டினோம். அதற்கு வாங்கிய டீசலை யார் யார் காசில் வாங்கினோம் என்று எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். மன்றத்தின் முதல் கணக்கு நோட்டு அதுதான், இன்னும் பத்திரமாக இருக்கிறது. கரண்ட் வந்த பிறகும் பையன்கள் கலையவில்லை. அடுத்த வருஷம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் முறையாகப் பதிவு செய்தோம்.

யார் சேரலாம்? சந்தா உண்டா?

பதினைந்து வயதிலிருந்து சேரலாம். பதினெட்டு ஆகாதவர்கள் வீட்டில் கையெழுத்து வாங்கி வரவேண்டும். அவர்களை மெஷின் ஓடும் இடத்துக்கும் ஆழத் தண்ணீருக்கும் பக்கத்தில் விடமாட்டோம். சம்பாதிப்பவர்கள் மாதம் ஐம்பது ரூபாய் தருகிறார்கள். படிப்பவர்களிடம் வாங்குவதில்லை.

பெண்பிள்ளைகளை அனுப்பலாமா?

இந்தக் கேள்வியை அம்மாக்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். மாலை வகுப்பை நடத்துவதே எங்கள் அக்காக்கள்தான். அந்த வகுப்பைத் தவிர மற்ற வேலை எதுவானாலும் இருட்டுவதற்குள் முடித்துவிடுகிறோம். வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுகிறோம். தனியாக ஒரு பெண்ணை எந்த வேலைக்கும் அனுப்புவதில்லை. பெண்களின் போன் நம்பர் எந்த வாட்ஸாப் குழுவிலும் போடப்படாது. ரத்தம் கேட்டு வரும் அழைப்புகூட மன்றத்தின் பொது நம்பருக்குத்தான் வரும், அங்கிருந்து நாங்கள் அவர்களிடம் சொல்லிக்கொள்வோம். ஒரு சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்கள். அப்படிப் பார்க்க வந்த ஒரு பெரியம்மா இப்போது வாராவாரம் எங்களுக்குச் சுக்குமல்லிக் காபி போட்டுத் தருகிறார்.

சான்றிதழ் கிடைக்குமா? கல்லூரி என்.எஸ்.எஸ். மணிநேரத்தில் சேருமா?

சேராது. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-இல் செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. அதில் இரண்டு ஆண்டில் 240 மணிநேரம் பணி செய்யவேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அந்தக் கணக்கைக் கல்லூரியின் திட்ட அலுவலர்தான் எழுதவேண்டும். என்.எஸ்.எஸ். மாணவர்கள் எங்கள் ஊரில் முகாம் போட்டால் கூட நின்று வேலை செய்வோம். ஆனால் எங்கள் மன்றம் தனியாகச் சான்றிதழ் அச்சடித்துத் தருவதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, இன்ன வேலையை இத்தனை மாதம் செய்தார் என்று கடிதம் கேட்டால் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவோம்.

அவசரத்துக்கு ரத்தம் வேண்டும் என்றால் என்ன செய்யவேண்டும்?

பொது நம்பருக்குப் போன் செய்யுங்கள். நோயாளி எந்த மருத்துவமனையில் இருக்கிறார், எந்த வகை ரத்தம், எத்தனை யூனிட், எப்போதுக்குள் என்ற நான்கையும் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். இதைக் கேட்பதால் கோபப்படாதீர்கள். ஒருமுறை முந்தின வாரமே முடிந்துபோன தேவைக்கு, பழைய வாட்ஸாப் செய்தியை நம்பி இரண்டு பையன்கள் ராத்திரி பைக்கில் தஞ்சாவூர் வரை போய்த் திரும்பினார்கள். அன்றிலிருந்துதான் இந்த விதி.

எங்களிடம் ரத்த வகை வாரியாக ஒரு நோட்டு இருக்கிறது. யார் கடைசியாக எந்தத் தேதியில் கொடுத்தார் என்பது அதில் இருக்கும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஆர்வத்தில் சிலர் முன்கூட்டியே வந்து நிற்பார்கள், நோட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவோம். யாராவது ரத்தத்துக்குப் பணம் கேட்டால் உடனே எங்களிடம் சொல்லுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரியிலிருந்து ரத்தத்தைக் காசுக்குக் கொடுப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது.

சுதந்திர தினத்தன்று பெரிய ரத்ததான முகாம் ஏன் வைப்பதில்லை?

அன்று எல்லோரும் வைக்கிறார்கள். எடுத்த ரத்தத்தை மூட்டை கட்டி வைக்க முடியாது. சிவப்பணுக்கள் மிஞ்சிப்போனால் 42 நாள் தாங்கும். டெங்கு நேரத்தில் அலையவிடுகிற தட்டணுக்கள் ஐந்தே நாள்தான். கல்லூரிகள் மூடியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் முகாம்கள் குறைந்து ரத்த வங்கிகள் திண்டாடுகின்றன. ஆகவே எங்கள் முகாம் மே மாதத்தில். வெயிலில் ஆள் சேர்ப்பது கஷ்டம்தான், பரவாயில்லை. மீதி மாதங்களில் நோட்டைப் பார்த்து, தேவைப்படும்போது இரண்டு மூன்று பேராக அனுப்புகிறோம்.

ரத்தம் கொடுத்தால் பிள்ளைக்கு உடம்பு இளைத்துவிடாதா?

இளைக்காது. பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயதுக்குள், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருந்தால்தான் எடுப்பார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து அதைச் சோதித்த பிறகுதான் படுக்கையிலேயே படுக்க வைப்பார்கள். எடுப்பது 350 மில்லி, உடம்பில் இருப்பதோ ஐந்து லிட்டர் அளவுக்கு. நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், அணுக்கள் சில வாரங்களில். வெறும் வயிற்றோடு மட்டும் வரக்கூடாது. பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகாதவர்களும் வரவேண்டாம்.

எங்கள் பையன் ஒருவன் முதல்முறை கொடுக்கப் போனபோது அவனுடைய அம்மாச்சி வாசலில் உட்கார்ந்து அழுதார். "நான் சோறு போட்டு வளத்த ரத்தமுய்யா" என்றார். அவரையும் முகாமுக்குக் கூட்டிவந்தோம். பை நிரம்புகிறவரை பேரன் காலைப் பிடித்துக்கொண்டே நின்றார். முடிந்ததும் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து, தன் பேரனுக்குக் கொடுத்த பிஸ்கட்டில் பாதியை அவனுக்குக் கொடுத்தார்.

பனை விதை மட்டும் ஏன் நடுகிறீர்கள்? நிழல் தரும் மரம் நடக்கூடாதா?

நடுகிறோம். ஆனால் புயலில் தென்னை சாய்ந்த தோப்புகளுக்கு நடுவே பனைகள் நின்றதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஏரிக்கரையில் நட்டால் வேர் மண்ணைப் பிடித்து நிறுத்தும். வேலி வேண்டாம், ஆடு கடித்தாலும் பிழைக்கும், விதை காசில்லாமல் கிடைக்கும். 2021-இல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு ஆணையும் வந்துவிட்டது.

ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். பழத்துக்கு இரண்டு, மூன்று கொட்டை இருக்கும். மழைக்கு முன்னால் பத்தடிக்கு ஒன்றாக ஒரு முழக் குழியில் போட்டு மூடினால் போதும். அதன்பிறகு பல மாதம் தரைக்கு மேலே ஒன்றுமே தெரியாது. பனை முதலில் கீழ்நோக்கித்தான் முளை விடும். மண்ணுக்குள் கிழங்கு திரண்ட பிறகே குருத்தோலை வெளியே வரும். முதல் வருஷம் இதைத் தெரியாத சிலர், பயல்கள் சும்மா குழி தோண்டி மூடியிருக்கிறார்கள் என்று பேசினார்கள். தெரிந்தவர்களால் வந்த கஷ்டம் வேறு. பொங்கல் சமயத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கரையெல்லாம் தோண்டிக் கிழங்கை எடுத்து அவித்துத் தின்றுவிட்டார்கள். நாற்பது ஐம்பது குழி காலி. திட்ட மனசு வரவில்லை, பனங்கிழங்கு அப்படிப்பட்ட பண்டம். அடுத்த வருஷத்திலிருந்து மன்றத்துக் கொல்லையில் தனியாக ஒரு பாத்தி போட்டு, பொங்கலுக்கு அந்தக் கிழங்கைப் பிள்ளைகளுக்கே கொடுக்கிறோம். கரையில் நடும்போதும் அவர்களையே கூட்டிப்போகிறோம். இப்போது யாராவது மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போனால் ஓடிவந்து சொல்வது அந்தப் பிள்ளைகள்தான்.

என் பிறந்தநாளுக்கு நூறு மரக்கன்று வாங்கித் தரலாமா?

மனசுக்கு நன்றி. நூறு வேண்டாம், ஐந்து கொடுங்கள். கூடவே ஐந்துக்கும் கூண்டு. எடுத்த வேலையை மூன்று வருஷம் பார்க்கவேண்டும் என்பது மன்றத்தில் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. கோடையில் ஒரு கன்றுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று குடம் தண்ணீராவது தூக்கவேண்டும். எங்களால் தூக்க முடிந்த அளவுக்குத்தான் நடுவோம். ஆரம்பத்தில் ஆசைப்பட்டு ரோட்டோரம் நட்டதில் பாதிக்கு மேல் முதல் சித்திரையிலேயே கருகிப் போனது. அந்தக் காய்ந்த குச்சிகளைத் தாண்டித் தினமும் பஸ் ஏறப் போனது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நீங்கள் உள்ளூர்க்காரராக இருந்தால், உங்கள் கன்றுக்கு நீங்களே தண்ணீர் ஊற்ற வருவதாகச் சொல்லுங்கள், பத்துகூட நடலாம்.

எங்கள் தெருக் குளத்தையும் சுத்தம் செய்து தருவீர்களா?

நீங்களும் இறங்கினால் வருவோம். ஆனால் முதலில் இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று அனுமதி. ஊராட்சிக் குளம் என்றால் ஊராட்சியிடமும், ஏரி நீர்வளத்துறையுடையது என்றால் அவர்களிடமும் எழுத்தில் வாங்கவேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டால் பிறகு யாரும் தடுக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வண்டல் அள்ளி வயலுக்குக் கொண்டுபோக வட்டாட்சியர் அனுமதி தனி.

இரண்டாவது, வரத்து வாய்க்கால். குளத்துக்குள் இறங்கி வேலை செய்வது எல்லோருக்கும் பிடிக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் தண்ணீர் வரும் வாய்க்கால் அடைந்து கிடந்தால் எவ்வளவு தூர்வாரினாலும் குளம் வெறும் பள்ளம்தான். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதியே திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் எத்தனை இடத்தில் அடைப்பு என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். ஆகவே ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மதகிலிருந்து குளம் வரை ஒருதரம் நடந்துவிட்டுத்தான் நாள் குறிப்போம். எங்கள் குளத்துக்கு அப்படி நடந்தபோது, ரோட்டுக்கு அடியில் போகும் குழாய் முழுக்க மண்ணும் பிளாஸ்டிக்குமாக இறுகிப்போயிருந்தது. அதை மட்டும் குடைந்து எடுக்க இரண்டு ஞாயிறு ஆனது. அந்த ஐப்பசியில் குளம் தானாக நிரம்பியது.

ஜே.சி.பி. வைத்து ஓரத்தில் கிணறுபோல ஆழப் பள்ளம் எடுக்க விடவே மாட்டோம். சிறுபிள்ளைகள் குளிக்கிற இடம் அது, கரை சரிவாகத்தான் இருக்கவேண்டும்.

சீமைக்கருவேல மரங்களை வெட்டுவீர்களா?

வெட்டுவதால் பயனில்லை, வேரோடு எடுக்கவேண்டும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்ந்து தழைக்கும். பெரிய மரத்துக்கு மெஷின்தான். அதன் நெற்றை ஆடுமாடு தின்று சாணத்தோடு விதையைப் பரப்பிவிடுவதால், எடுத்த இடத்திலேயே மறுபடி முளைக்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம், கார்த்திகை மாதத்து ஞாயிறெல்லாம் எங்களுக்கு அந்த வேலைதான். ரப்பர் செருப்போடு வராதீர்கள். முள் செருப்பைத் துளைத்துக் காலுக்குள் ஒடிந்து சீழ் பிடிக்கும், பட்டுத் தெரிந்துகொண்டோம். எடுத்த விறகை அதை நம்பி அடுப்பெரிக்கும் வீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

மாலை வகுப்பில் என்ன சொல்லித் தருகிறீர்கள்?

சாயந்தரம் ஐந்தரை முதல் ஏழரை வரை சமுதாயக் கூடத்தில் நடக்கிறது. நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. முதல் வேலை தமிழை எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வைப்பது.

ஒரு பையன் ஏழாம் வகுப்பு. பாடத்தைக் கொடுத்தால் கடகடவென்று ஒப்பிப்பான், நாங்களும் நன்றாக வாசிக்கிறான் என்றே நினைத்தோம். ஒருநாள் அக்கா அவன் விரலைப் பார்த்தார். வாய் மூன்றாம் வரியில் இருந்தது, விரல் ஐந்தாம் வரியில். முழுப் பாடத்தையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். எல்லார் முன்னாலும் எதுவும் சொல்லாமல் அக்கா புத்தகத்தை மூடிவிட்டார். மறுநாளிலிருந்து அவனை மட்டும் பத்து நிமிஷம் முன்னதாக வரச்சொல்லி, பஸ் பெயர்ப்பலகை, ரேஷன் கடைப் பலகை, தீப்பெட்டி உறை என்று மனப்பாடம் செய்ய முடியாததையெல்லாம் வாசிக்க வைத்தார். ஏழெட்டு மாதம் ஆனது. இப்போது கல்யாணப் பத்திரிகை வந்தால் அவனுடைய அப்பாயிக்குப் பேர் பேராக வாசித்துச் சொல்வது அவன்தான்.

எட்டாம் வகுப்பினருக்கு தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வுக்குப் பயிற்சி தருகிறோம். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். கூலிவேலைக்குப் போகும் குடும்பத்தில், பிள்ளையைப் படிப்பைவிட்டு நிறுத்தாமல் இருக்க இந்தப் பணம் ஒரு காரணமாகிறது. தயவுசெய்து விண்ணப்பத் தேதியை விட்டுவிடாதீர்கள். பள்ளியில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருவீர்களா? எவ்வளவு கொடுக்கவேண்டும்?

ஒரு பைசா வேண்டாம். மாதம் 1,200 ரூபாய் வரும் தொகை அது. அதை வாங்கித் தருவதாகச் சொல்லி யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆதாரில் வயது தப்பாக இருப்பது, பேங்க் கணக்கில் பேர் வேறு மாதிரி இருப்பது, கைரேகை தேய்ந்து மெஷினில் விழாதது என்று மனு நின்றுபோக ஆயிரம் காரணம் இருக்கிறது. நாங்கள் அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இ-சேவை மையத்துக்குக் கூட வருவோம். ஆனால் போனுக்கு வரும் ஓ.டி.பி.யை எங்களிடம்கூடச் சொல்லாதீர்கள், ஆத்தா. உங்கள் வீட்டுப் பேரனையோ பேத்தியையோ கூட்டிவாருங்கள், அவர்களே போட்டுத் தரட்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

மாதச் சந்தா, அப்புறம் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் அனுப்புவது. எல்லாம் மன்றத்தின் வங்கிக் கணக்கில்தான். மாதம் முடிந்ததும் வரவுசெலவை எழுதி வாசகசாலைச் சுவரில் ஒட்டுகிறோம். டீச் செலவுகூட அதில் இருக்கும்.

நீங்கள் எந்தக் கட்சி? எந்தத் தெருப் பிள்ளைகள்?

எங்களுக்குள் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. வேலை நடக்கும் இடத்தில் கொடியும் துண்டும் கிடையாது, தேர்தல் சமயத்தில் மன்றத்தின் பேரை யாரும் பயன்படுத்தக்கூடாது. தெருவைப் பொறுத்தவரை, ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வகுப்பில் ஒரே பாய், வேலை முடிந்தால் ஒரே பந்தி. இதற்குச் சம்மதமில்லாத இரண்டு குடும்பங்கள் ஆரம்பத்தில் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் பாயைப் பிரித்துப் போட எங்களால் முடியாது. அதில் ஒரு வீட்டுப் பிள்ளை பிறகு தானாகவே வந்து உட்கார்ந்தது.

புயல், வெள்ளம் என்றால் என்ன அனுப்பலாம்?

பழந்துணி மட்டும் வேண்டாம். கஜா சமயத்தில் லாரி லாரியாக வந்து இறங்கிய துணி ரோட்டோரம் நனைந்து கிடந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், ஆனால் எங்களுக்கு அன்று வேண்டியிருந்தது தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, நாப்கின், தண்ணீர் கேன், மரம் அறுக்கும் மெஷின். முதலில் போன் செய்து கேளுங்கள். இன்னொன்று, ரோட்டோர ஊர்களோடு நின்றுவிடாமல் உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கும் போகச்சொல்லுங்கள். மரம் விழுந்து வழி அடைந்த ஊருக்கு எதுவுமே போய்ச் சேராது.

உதவி வாங்குபவர்களைப் படம் எடுப்பீர்களா?

இல்லை. நட்ட இடத்தையும் தூர்வாரிய வாய்க்காலையும் எடுப்போம். நோட்டு வாங்கும் பிள்ளையின் முகம், அரிசி வாங்கும் ஆத்தாவின் முகம் எடுப்பதில்லை. நன்கொடையாளர் ஆதாரம் கேட்டால் பில்லை அனுப்புவோம்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு மன்றம் தொடங்க என்ன வழி?

பதிவு செய்ய ஏழு பேர் போதும். ஆனால் பதிவுக்கும் பேர்ப்பலகைக்கும் அவசரப்படாமல் ஒரே ஒரு வேலையை எடுத்து ஆறு மாதம் விடாமல் செய்து பாருங்கள். ஆறு மாதம் கழித்தும் ஞாயிறு காலையில் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்து, அவர்களைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கணக்கு எழுதுவதை மட்டும் முதல் நாளிலேயே ஆரம்பித்துவிடுங்கள். எங்கள் விதிமுறைகள், நோட்டு எழுதும் முறை எதை வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஞாயிறு வரலாமா?

வாருங்கள். காலை ஆறு மணிக்கு ஏரிக்கரை வேப்பமரத்தடி. ஷூ போட்டு, முழுக்கைச் சட்டையோடு, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மண்வெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள், எங்களிடம் இருப்பதில் இரண்டுக்குக் காம்பு ஆடுகிறது. போன வருஷம் நட்ட பனைகளில் எத்தனை குருத்து விட்டிருக்கிறது என்று எண்ணி, வராத இடத்தில் குச்சி நட்டு அடையாளம் வைப்பதுதான் இந்த வார வேலை.